கட்-ஆஃப் தெரியும், வேலை தெரியுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் பொறியியல் கட்-ஆஃப் கணக்குச் சொல்வார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆக 200-க்கு எவ்வளவு? எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு போன ஆண்டு எத்தனையில் நின்றது, சாய்ஸ் ஃபில்லிங்கில் எதை முதலில் போடுவது, ரேண்டம் நம்பர் எதற்கு என்பதெல்லாம் டீக்கடை வரை தெரியும். 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. 2007-இல் நுழைவுத் தேர்வு போனது. இன்று கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பொறியியல் படிப்பு இவ்வளவு பரவலாகச் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டிய மாநிலங்கள் இந்தியாவில் அதிகமில்லை.

அதே வாரத்தில், இடம் உறுதியான ஒரு பிள்ளையிடம் வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "சிவில் எடுத்திருக்கிறாய், சரி. சிவில் இன்ஜினியர் காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார்?" பெரும்பாலும் "வீடு கட்டுவார்" என்பதோடு பதில் முடிந்துவிடும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் பொறியியல் என்பது அவளுக்கு ஒரு வாசலாக மட்டுமே தெரிந்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கூட்டிப்போய்க் காட்டவில்லை.

நமக்கு மட்டும் உள்ள குறையன்று இது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலை எப்படி அறிமுகம் செய்வது என்று நாற்பது ஆண்டுகளாகப் பல நாடுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள், போட்டி நடத்தினார்கள், கருவிப் பெட்டி கொடுத்தார்கள், பொறியாளர்களை மேடையேற்றிப் பேசவைத்தார்கள். இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பொறியாளர் செய்து முடித்ததைக் காட்டுவதில் எல்லோரும் தாராளமாக இருந்திருக்கிறார்கள். அவர் எதை எதோடு நிறுத்துப் பார்த்து முடிவெடுத்தார் என்பதைக் காட்டுவதில்தான் கஞ்சத்தனம்.

பிள்ளைகள் வரைந்த படம்

1983-இல் டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 4,807 சிறு பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லிச் சேர்த்த படங்கள் அதற்கு ஆதாரம். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி, குடுவை என்று ஒரே அச்சில் வார்த்ததுபோல் வந்தன. பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். பின்னர் பாஸ்டன் நகரின் அறிவியல் அருங்காட்சியகத்தில் கிறிஸ்டின் கன்னிங்காமும் அவருடைய சகாக்களும் இதையே பொறியாளரை வைத்துச் செய்தார்கள். பிள்ளைகள் கார் பழுது பார்ப்பவரை வரைந்தார்கள், ரயில் ஓட்டுபவரை வரைந்தார்கள், ஹெல்மெட் போட்டுக் கட்டடம் கட்டுபவரை வரைந்தார்கள். பல வேலைகளின் படங்களைக் கொடுத்து இவற்றில் எது பொறியாளர் வேலை என்று கேட்டபோதும் வயரிங் செய்வதையும் எஞ்சின் கழற்றுவதையும் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி வகுப்பவரைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

இந்த முடிவைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டதைத்தானே பிள்ளை வரையும்? மோட்டாரைக் கழற்றுபவர் தெருவில் தெரிகிறார். அந்த மோட்டாரில் செம்புக் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றுவது என்று முடிவுசெய்தவர் தெரிவதில்லை. நம் சினிமாவும் இதில் உதவவில்லை. 2014-இல் வந்த 'வேலையில்லா பட்டதாரி'யின் நாயகன் சிவில் இன்ஜினியர். அவன் வேலை தேடுவதும் வில்லனை அடிப்பதும் நமக்கு நினைவிருக்கிற அளவுக்கு, அவன் அந்தக் கட்டடத்தில் என்ன கணக்குப் போட்டான் என்பது நினைவில்லை. படத்தைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறவனை எப்படிப் படம்பிடிப்பது என்பது உண்மையிலேயே கஷ்டமான வேலைதான்.

பாம்பனில் நடந்தது

அந்தக் கஷ்டமான வேலையைச் செய்ய நம்மிடமே நல்ல பொருள் இருக்கிறது. பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகம் அதைப் பெருமையாகக் காட்டும்: 1914-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும். மாணவர் அதைப் பொது அறிவுக் கேள்விக்காக மனப்பாடம் செய்வார். பொறியியல் அந்த வரிகளுக்கு இடையில் மறைந்து கிடக்கிறது.

ரயில் போக வேண்டும், கப்பலும் போக வேண்டும். தண்டவாளத்தை உயரமாகக் கொண்டுபோனால் கப்பல் அடியில் போகும். ஆனால் ரயில் செங்குத்தாக ஏறாது. அந்த உயரத்துக்குச் சாய்வாக ஏறி இறங்க இரு கரையிலும் வெகுதூரம் மேடு கட்டவேண்டும். சாலைப் பாலம் பக்கத்திலேயே உயரமாகப் போகிறது; லாரியும் பஸ்ஸும் ஏறுகிற சரிவில் ரயில் ஏறாது என்பதால்தான் ரயில் பாலம் தாழ்ந்து கிடந்து நடுவில் மட்டும் திறக்கிறது. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் உடனே புரியும். சாய்தளமும் உராய்வும் அவள் படித்த பாடம்தான்.

1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது; பாலத்தின் கர்டர்கள் பலவற்றைக் கடல் கொண்டுபோனது. சீரமைக்கும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற முப்பத்திரண்டு வயது ரயில்வே பொறியாளரிடம் வந்தது. புதிய கர்டர்கள் செய்து வரவழைக்கக் காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். கடலில் விழுந்தவற்றைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தி 46 நாளில் ரயிலை ஓடவிட்டார்கள். பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். "46 நாளில் முடித்தார்" என்று சொல்லிக் கைதட்டவைப்பது எளிது. புதிதாகச் செய்வதா, கிடப்பதை மீட்பதா என்ற கேள்வியை வகுப்பின் முன் வைத்து, எது மலிவு, எது விரைவு, கடலில் விழுந்த இரும்பை நம்பலாமா, அதை எப்படிச் சோதிப்பது என்று வாதாடவிட்டால் அன்றைக்குப் பொறியியல் வகுப்பு நடந்ததாக அர்த்தம்.

பழைய பாலம் உப்புக்காற்றில் அரித்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. அதன் பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. இதில் நடுப்பகுதி பிரிவதில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு, லிஃப்ட் போல 17 மீட்டர் நேராக மேலே போகிறது. பழைய பாலத்தில் ஆட்கள் நின்று நெம்பித் திருகித் திறப்பார்கள், இங்கே மோட்டார். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரும்பை அப்படித் தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கேதான் ருசி. இருபக்கக் கோபுரங்களிலும் ஏறக்குறைய அதே எடையை எதிர்ப்பாரமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதால் மோட்டார் முழு எடையைத் தூக்குவதில்லை. சிறிய வித்தியாசத்தையும் உராய்வையும் வென்றால் போதும். ஏற்றமும் துலாவும் கண்ட நாட்டுக்கு இது அந்நியமான யோசனையில்லை.

கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு, இணைப்புகள் முழுக்க வெல்டிங், மேலே உப்பைத் தாங்கும் சிறப்புப் பூச்சு. காற்று ஒரு வேகத்துக்கு மேல் போனால் ரயிலை நிறுத்திவைக்கும் சிக்னல். இவை எதுவும் படத்தில் அழகாகத் தெரியாது. பாலம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை முடிவுசெய்வது இவைதான்.

பாம்பன் போன்ற கண்கவர் உதாரணத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பொறியாளர் என்றால் கடலில் பாலம் கட்டுபவர், ராக்கெட் விடுபவர் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். சென்னையில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. 2004 முதல் வருகிறது. இன்னொரு பங்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரை அழுத்தி, சவ்வு வழியே செலுத்தி எடுத்தது. யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. மதுரையில் ஆரோலேப் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்கிறது. கண்புரை அறுவை ஏழைக்கும் எட்டியதில் மருத்துவருக்கு உள்ள பங்கு, அந்த லென்ஸை மைக்ரான் பிசகாமல் கடைந்து குவிக்கும் முறையை வகுத்தவர்களுக்கும் உண்டு.

அப்புறம், காகிதம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. பொறியாளர் நாளில் பெரும்பகுதி எஸ்டிமேட், டெண்டர், அளவுகளை எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏற்றுவது, ஒப்பந்தக்காரரோடு வாக்குவாதம், மேலதிகாரிக்குக் கடிதம் என்று போகும். மென்பொருள் துறையிலும் புதிதாக எழுதுவதைவிட யாரோ எழுதியதைப் படித்துத் திருத்துவதில்தான் நேரம் போகும். தச்சரிடமும் ஃபிட்டரிடமும் லைன்மேனிடமும் பேசத் தெரியாத பொறியாளர் சைட்டில் ஒரு வாரம் தாங்கமாட்டார். "கணக்கு நன்றாக வந்தால் இன்ஜினியரிங்" என்று வீட்டில் சொல்லும்போது இவற்றில் ஒன்றும் சொல்லப்படுவதில்லை.

மணலில் கற்ற பாடம்

விஞ்ஞானி, பொறியாளர், தொழில்நுட்பர், கைவினைஞர் ஆகியோருக்கிடையே என்ன வேறுபாடு என்று வழிகாட்டி நூல்கள் அட்டவணை போடுகின்றன. விஞ்ஞானி ஏன் என்று கேட்பார், பொறியாளர் எப்படி என்று கேட்பார் என்கிற பாணி. அட்டவணை மனப்பாடத்துக்கு உதவும். உண்மை அவ்வளவு ஒழுங்காக இல்லை.

காவிரிக் கரையில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து நின்றபோது கொள்ளிடத்தில் தண்ணீர் அதிகமாக ஓடி, காவிரி மேடிட்டு, தஞ்சைக்குத் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதை இங்கே முன்பு கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார். கல்லணையைக் கட்டியவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அவர்கள் அறிந்ததைப் படித்தவர் ஒருவர் உற்றுப் பார்த்து, அளந்து, வேறோர் இடத்துக்குப் பொருத்தினார். எங்கே கைவினை முடிந்தது, எங்கே பொறியியல் தொடங்கியது என்று கோடு போடமுடியுமா?

தமிழ்நாட்டில் இந்தக் கோட்டுக்கு வேறொரு சங்கடமும் இருக்கிறது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடத்தையும் கற்பிக்க வேண்டும் என்றது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. வீட்டுத் தொழில் என்றால் சாதித் தொழில்தானே என்று பெரியாரும் திராவிட இயக்கமும் கொதித்தெழுந்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. அதன் பின்விளைவாக, பள்ளியில் கைவேலை என்றாலே நமக்கு ஓர் உறுத்தல் வந்துவிட்டது. தையல், நெசவு, மரவேலை வகுப்புகள் மெல்லத் தேய்ந்து, பல இடங்களில் அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது என்ற முத்திரையோடு இருக்கிறது.

இதனால்தான் பொறியியல் அறிமுகம் நம் ஊரில் கவனமாகச் செய்யவேண்டிய காரியம். கையால் செய்வதும் கணக்குப் போடுவதும் ஒரே பிள்ளையிடம் சேரவேண்டும். எல்லாப் பிள்ளைகளிடமும் சேரவேண்டும். ஒரு சாராருக்குச் சுத்தியலும் இன்னொரு சாராருக்குப் பேனாவும் கொடுத்தால் பழைய கதைதான்.

உலகம் செய்து பார்த்தவை

இங்கிலாந்து 1990-இல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை ஐந்து வயது முதல் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. 2004-இல் மேல்வகுப்புகளில் கட்டாயம் நீங்கியது. எடுப்போர் எண்ணிக்கை சரிந்தது. தனிப் பாடமாக இருப்பது வேரூன்றாது என்பதற்கு இதை ஆதாரமாகச் சொல்கிறார்கள். வசதியான பட்டறையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் குறைந்தால் எந்தப் பாடம்தான் வேரூன்றும் என்பது என் பதில்.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலம் 2001-இல் பள்ளிப் பாடத் தரங்களுக்குள் பொறியியலைச் சேர்த்தது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் இயோனிஸ் மியாவுலிஸ் என்ற இயந்திரவியல் பேராசிரியர். எரிமலை எப்படி வெடிக்கிறது என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் படிக்கிறார்கள், தினமும் ஏறிப்போகும் கார் எப்படி ஓடுகிறது என்பதற்கு நேரமில்லை என்பது அவர் வாதம். பிறகு பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குத் தலைவரானார். கன்னிங்காமின் குழு அங்கிருந்து தொடக்கப் பள்ளிகளுக்குப் பாட அலகுகளை உருவாக்கியது. ஒவ்வோர் அலகும் ஒரு நாட்டுப் பிள்ளையின் கதையில் தொடங்கும். தண்ணீர் வடிகட்டி செய்யும் அலகின் நாயகி ஸலிலா என்ற இந்தியச் சிறுமி. கதை, பிறகு பொருட்களைச் சோதித்தல், பிறகு வடிகட்டியை வடிவமைத்தல், சோதித்துத் திருத்தி மறுபடி செய்தல் என்று போகும். "மறுபடி செய்தல்" என்ற படிக்கு நேரம் ஒதுக்கியிருப்பதுதான் இதன் உயிர். நம் அறிவியல் கண்காட்சியில் மாதிரி ஒரே ஒருமுறை செய்யப்படும், அதுவும் பெரும்பாலும் அப்பாவால்.

டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு வேறு வழியில் போனது. பள்ளி அணிகள் ரோபோ செய்து விளையாட்டு மைதானத்தில் மோதும். 1992-இல் 28 அணிகளோடு தொடங்கிய போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பிள்ளைகள் ராத்தூக்கம் மறந்து உழைக்கிறார்கள். பணமும் வழிகாட்டியும் உள்ள பள்ளிக்குத்தான் அது எட்டுகிறது.

2008-இல் அமெரிக்கப் பொறியியல் அகாடமி பிள்ளைகளிடம் எப்படிப் பேசினால் எடுபடுகிறது என்று ஆராய்ந்தது. கணிதமும் அறிவியலும் கடினமாகப் படித்தால் நீயும் பொறியாளர் ஆகலாம் என்ற வழக்கமான பேச்சு எடுபடவில்லை. மனிதர் வாழ்வில் அந்த வேலை உண்டாக்கும் மாற்றத்தைச் சொன்னபோது காது கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த அறிக்கை மூன்று செய்திகளைச் சொன்னது: வடிவமைப்பை மையமாக வை, வயதுக்கேற்ற கணிதமும் அறிவியலும் உள்ளே இருக்கட்டும், பொறியாளரின் சிந்தனைப் பழக்கங்களை வளர்த்துவிடு. 2014-இல் இங்கிலாந்தின் பொறியியல் அகாடமி அந்தப் பழக்கங்களை ஆறாகப் பிரித்தது. அவற்றில் எனக்குப் பிடித்தது, பிரச்சினையைக் கண்டுபிடிப்பது. நம் தேர்வுமுறையில் பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தருவது கேள்வித்தாள் தயாரிப்பவரின் வேலை. மாணவர் அதைத் தீர்த்தால் போதும்.

இந்தியாவில் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்தன. ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய், பத்தாயிரம் பள்ளிகள்; இன்னும் 50,000 வரும் என்று 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. முப்பரிமாண அச்சுப்பொறியும் சென்சாரும் பள்ளிக்குள் நுழைந்தது நல்லதுதான். என் தயக்கம் ஒன்று. பெட்டியில் வந்த பாகங்களைக் கையேட்டின்படி பொருத்தி விளக்கை எரியவைப்பது பொருத்தும் வேலை. எந்தப் பிரச்சினைக்காக, எவ்வளவு செலவில், யாருக்காக என்ற கேள்வி அதில் இல்லாவிட்டால் அது விலையுயர்ந்த பொம்மை. விடுமுறையில் ரோபோடிக்ஸ் வகுப்பு நடத்தும் தனியார் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், இரு சக்கர வாகனத்தில் சோதனைப் பொருட்களோடு ஆட்களை 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம். எளிய பொருள், நேரடிச் சோதனை. வடிவமைப்பை இதில் சேர்க்க அதிகச் செலவே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், மேல்வகுப்பு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறது; கல்லூரிக் களப்பயணமும் அழைத்துப்போகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இவையெல்லாம் பெரிய கைத்தாங்கல். ஆனால் களப்பயணத்தில் பிள்ளை பார்ப்பது கல்லூரியை. வேலை நடக்கும் இடத்தை இன்னும் பார்க்கவில்லை.

இந்த வரிசையில் அரவிந்த் குப்தாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஐடி கான்பூரில் படித்து, டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு கட்டமைப்புகள் செய்யக் கற்பித்தார். முக்கோணம் அசையாது, சதுரம் நசுங்கும் என்பதை ஒரு பிள்ளை அந்தக் குச்சிகளில் தொட்டு உணர்ந்துவிட்டால், மின்கோபுரத்தைப் பார்க்கும்போது அதில் ஏன் இத்தனை முக்கோணம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். குப்பையிலிருந்து செய்த அந்தப் பொம்மைகளின் முன் இருபது லட்ச ஆய்வகம் கொஞ்சம் வெட்கப்படத்தான் வேண்டும்.

சொல்லாமல் விடுவது

பல அறிமுக நூல்களில் விழுந்த பாலம் இருக்காது. வெற்றியை மட்டும் காட்டினால் பொறியாளரின் பொறுப்பு புரியாது.

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளியின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அது விதியால் வந்ததல்ல. ஓலைக் கூரை, சமையலறை இருந்த இடம், வெளியேறும் வழியின் குறுகல் எல்லாம் யாரோ முடிவுசெய்தவை. அல்லது யாரும் முடிவுசெய்யாமல் விட்டவை. இன்று பள்ளிக் கட்டடத்தில் படியின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் அகலம் 30-க்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. படியில் ஏறி இறங்குபவரின் காலை மனத்தில் வைத்து யாரோ யோசித்து எழுதிய எண்கள் அவை. ஸ்கேலை எடுத்துத் தங்கள் பள்ளிப் படிக்கட்டை அளந்து பார்க்கச் சொல்லலாம். விதிக்குப் பொருந்தாவிட்டால் தலைமையாசிரியருக்குச் சங்கடம்தான். சங்கடப்படட்டும்.

பராமரிப்பும் யாரும் பேசாத விஷயம். காட்டன் கட்டிய அதே மேலணையில் 2018 ஆகஸ்டில் வெள்ளம் போகும்போது ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டியவர் பெயர் நூற்றெண்பது ஆண்டு நிலைத்தது. ஆண்டுதோறும் அதைப் பார்த்து, கிரீஸ் போட்டு, துருவைச் சுரண்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. உலகில் உள்ள பொறியாளர்களில் ஏராளமானோர் பழையதை ஓடவைப்பவர்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சுவாரசியம் போய்விடும் என்று பயப்படுகிறோம். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் அதைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் பிள்ளையை நாம்தான் தடுக்கிறோம்.

யார் பொறியாளர் ஆகலாம் என்ற படமும் மாறவேண்டும். கிண்டியில் 1794-இன் நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த பொறியியல் கல்லூரியில், நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகுதான் பெண்கள் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் அ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தை துணைநிற்க மின்பொறியியல் சேர்ந்து 1940களில் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் வேலை பார்த்து, பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் அமைப்பு வடிவமைப்பில் பங்கேற்றார். உடன் படித்த பி.கே. திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இன்று கல்லூரிகளில் பெண்கள் ஏராளம். ஆனால் மெக்கானிக்கல் பிரிவில் சேர விரும்பும் பெண்ணிடம் வீட்டில் நடக்கும் உரையாடல் லலிதாவின் காலத்திலிருந்து அதிக தூரம் வரவில்லை.

பள்ளிக்குள்ளேயே கிடப்பது

செலவில்லாமல் எங்கே தொடங்குவது? மேல்நிலைத் தொட்டியில். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் கணக்கு இப்படி இருக்கும்: 1,000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேலை 98,000 ஜூல், திறன் 746 வாட், விடை ஏறக்குறைய 131 நொடி. ஆசிரியர் சரி போடுவார். இப்போது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் மோட்டாரைப் போட்டு நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மீதி நேரம் எங்கே போனது? பம்பின் திறன் குறைவு, குழாயின் வளைவுகளில் உராய்வு, மின்னழுத்தம் இறங்கியது, ஃபுட் வால்வு ஒழுகுவது. 131-க்கும் முந்நூற்றுச் சொச்சத்துக்கும் இடையில் கிடக்கிற அந்த இடைவெளிதான் பொறியாளர் குடியிருக்கும் இடம்.

அடுத்து, மதிய உணவு நேரம். முந்நூறு பிள்ளைகள் இருபது நிமிடத்தில் கையும் தட்டும் கழுவ வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் 600 லிட்டர். பத்துக் குழாய் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 40 நொடி. ஒவ்வொரு குழாயிலும் நிமிடத்துக்கு 3 லிட்டர் வரவேண்டும். வருகிறதா? வாளியும் கடிகாரமும் போதும் சோதிக்க. வராவிட்டால் குழாய் எண்ணிக்கையைக் கூட்டுவதா, தொட்டியை உயர்த்துவதா, பெரிய பைப் போடுவதா? எது எவ்வளவு ஆகும்? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சிறிய வகுப்புப் பிள்ளைக்கு எந்த உயரத்தில் குழாய்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு? ஹார்டுவேர் கடையில் விலை கேட்டு வருவதும் பாடத்தில் ஒரு பகுதியாக இருக்கட்டும். ஓர் எஸ்டிமேட் தயாராகிவிடும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தப் பிள்ளைகளே வைத்து வாதாடலாம்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளும் ஒரு பாடப்புத்தகம்தான். முன்பக்கப் பல்சக்கரத்தையும் பின்பக்கப் பல்சக்கரத்தையும் எண்ணி வகுத்தால் ஒருமுறை மிதித்தால் எத்தனை சுற்று என்று தெரியும். ஏன் இந்த விகிதம், மேட்டில் என்ன ஆகிறது, சங்கிலி ஏன் தளர்கிறது என்று போகலாம். கோவைக்காரர்கள் கிரைண்டரை எடுத்துக்கொள்ளட்டும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கிரைண்டரில் கல்லே சுற்றும். இந்த மாற்றத்தை ஏன் செய்தார்கள் என்ற ஒரு கேள்விக்கே இரண்டு வகுப்பு போய்விடும்.

ஆசிரியர்களுக்கு இதற்கு நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. பொறியியல் படித்துவிட்டு ஆசிரியராக வந்தவர்கள் மிகக் குறைவு. பொதுத் தேர்வு நெருக்கடியும் உண்டு. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் பருவத்துக்கு ஒரு பிரச்சினை போதும். அதற்கு மதிப்பெண் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. மதிப்பெண் வந்த மறுநாள் அதற்கும் நோட்ஸ் வந்துவிடும்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பொறியியல் வேண்டாம் என்று முடிவுசெய்வார்கள். அதுவும் அறிமுகத்தின் வெற்றிதான். இன்று எதுவும் தெரியாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு, கிடைக்காவிட்டால் கிடைத்ததை எடுத்து, நான்கு ஆண்டு கழித்துத் தனக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொள்வதைவிட, பதினான்கு வயதில் வாளியும் கடிகாரமும் கொண்டு தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு மலிவு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போய் டிப்ளமோ முடித்து, நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருப்பதும் பலருக்குத் தெரியாது. கையும் கணக்கும் சேர்ந்த பிள்ளைக்கு அது நல்ல வழி.

கடைசியாக, இதைப் படிக்கும் பொறியாளர்களுக்கு. விஸ்வேஸ்வரய்யா பிறந்த செப்டம்பர் 15-ஐப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். அரங்கில் கூடி ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்கிறோம். வருகிற செப்டம்பரில் அந்தக் கூட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பொதுப்பணித் துறையில் இருந்தாலும், மின்வாரியத்தில் இருந்தாலும், மென்பொருள் நிறுவனத்தில் இருந்தாலும், நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம், உங்கள் சம்பளத்தையும் சொல்ல வேண்டாம். எரிந்துபோன ஒரு மோட்டாரையும் இரண்டு ஸ்பேனரையும், நீங்கள் தப்பாகக் கணக்கிட்டுப் பிறகு திருத்திய ஒரு வரைபடத்தையும் எடுத்துப் போங்கள். கூடவே உங்கள் ஃபிட்டரையோ லைன்மேனையோ அழைத்துக்கொண்டு போங்கள். பாதி வகுப்பை அவர் எடுக்கட்டும்.